நாலு டிகிரி அறை

குளிர் அறைக் கதவுக்கு வெளியே ஓர் ஆணி.
ஆணியில் ஒரு ஸ்வெட்டர்.
பாசிப்பச்சை, இடது முழங்கையில் ஓட்டை.
என்றோ பட்டம் முடித்துப் பெங்களூரை விட்டே போன
யாரோ ஒருவருடையது என்பார்
ஸ்டோர் சாவி வைத்திருக்கும் சென்னவீரப்பா.
உள்ளே போகிறவர் மாட்டிக்கொள்வோம்,
வெளியே வந்து கழற்றி வைப்போம்.
துவைத்ததாக இதுவரை யாரும்
ஒப்புக்கொண்டதில்லை.

சேர்ந்த அன்று பேராசிரியர் சொன்னார்:
"எப்போது வருகிறாய், எப்போது போகிறாய்,
நான் கேட்க மாட்டேன்."
யஷ்வந்த்பூர் மேம்பாலத்தில் பஸ் நின்றுபோன
முக்கால் மணி நேரமும்
அந்த வாக்கியத்தை வாய்க்குள் வைத்திருந்தேன்,
முதல் சம்பளத்தைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறவள் போல.

கேட்கவில்லைதான்.
ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு
மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்விக்குறி வரும்.
வேறொரு எழுத்தும் இருக்காது.
நானாகவே எழுந்து செருப்பைத் தேடுவேன்.

பக்கத்து மேஜை நிங்தெம்.
இம்பாலில் அவன் அம்மாவின் ரத்த அழுத்தம்
எனக்குத் தெரியும்.
என் வீட்டு ஓனரின் மிரட்டல் அவனுக்குத் தெரியும்.
மத்திகெரே சந்தில்
ஒரு தட்டே இட்லிக்கு இரண்டு ஸ்பூன்.
காதலா என்று கேட்டவர்கள் உண்டு.
இல்லை. அதைவிடச் சங்கடம்:
எங்கள் இருவருக்கும் ஒரே புரதம்.

நாலு வருடம் படிகமாக மறுத்தது அது.
ஐந்தாம் வருட மார்ச்சில் ஒரு சொட்டுக்குள்
அரிசி நொய்போல் மின்னிக்கொண்டு நின்றது.
சொட்டு வைத்தது நான்.
உப்பை மாற்றிப் பார் என்றது அவன்.
தட்டை நகர்த்தாதீர்கள் என்று சீட்டு ஒட்டியது யார்?
அதில் மட்டும் ஆளுக்கொரு ஞாபகம்.

கட்டுரையில் யார் பெயர் முதலில்?
"நீங்களே பேசிக்கொள்ளுங்கள்," என்றார் பேராசிரியர்,
"உங்களுக்கு முழுச் சுதந்திரம்."
அவ்வளவு கனமான ஒன்றை
அதற்கு முன் யாரும் எங்கள் கையில் கொடுத்ததில்லை.
மூன்று வாரம் பேசவில்லை.

பேசாத நாட்களிலும் ஸ்வெட்டர் ஒன்றுதான்.
அவன் கழற்றிய சூடு ஆறுமுன் நான் போட்டுக்கொள்வேன்.
கழுத்தில் அவனுடைய வலித் தைலம் மணக்கும்.
ஒருநாள் பைக்குள் கை விட்டால், காகிதம்:
"மேல்தட்டு, மூன்றாவது வரிசை.
உன்னுடையது இன்னொன்று வளர்ந்திருக்கிறது.
தொடவில்லை."
விரல் மரத்துப்போகும்வரை
அந்த 'உன்னுடையது' மேலேயே நின்றேன்.
பின்பக்கத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி
அங்கேயே வைத்தேன்.
மறுநாள்: "டீக்கடையில் உன் பாக்கி நூற்றெண்பது.
கட்டிவிட்டேன்."

கடைசியில் அவன் பெயரை முதலில் போட்டது நான்.
பெருந்தன்மை ஒன்றுமில்லை.
அவனுடைய உதவித்தொகை ஏப்ரலோடு முடிந்தது,
எனக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி.
கேண்டீனில் யாரோ தியாகம் என்றார்கள்.
காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அவன் போய் ஒரு வாரம் குளிர் அறைப் பக்கம் போகவில்லை.
போனபோது
ஸ்வெட்டரில் சோப்புப் பவுடர் வாசனை.
பைக்குள் ஏதோ காகிதம் கூழாகி, காய்ந்து,
சுண்டைக்காய் அளவில் உருண்டிருந்தது.
நகத்தால் பிரித்தேன். நீல மை மட்டும்,
எழுத்தாக எதுவும் இல்லை.

"யார் துவைக்கச் சொன்னது?"
குரல் உயர்ந்துவிட்டது.
புதிதாகச் சேர்ந்த பெண் மிரண்டு பார்த்தாள்.
"யாரும் சொல்லலை அக்கா.
இங்கே எதுக்கும் யாரையும்
கேட்க வேண்டாம்னு சொன்னாங்களே."

ஆமாம் என்றேன்.
ஓட்டையையும் தைத்திருந்தாள்,
வேறு பச்சை நூலில்.