மொறுக்

நாலு ஞாயிறாகத்
தோலை உரித்துத் தட்டோரம் ஒதுக்குகிறோம்.
கறி பஞ்சு. புகை எலும்புவரை.
தோல் மட்டும்
சைக்கிள் டியூப்.

வெர்லின் ஒன்றும் கேட்பதில்லை.
ஆர்கன்சா மரஅறுவை ஆலை
இருபத்தாறு வருஷத்தில்
அவன் காதுகளைத் தின்று முடித்திருந்தது.
ஒதுங்கிய தோல்களை எண்ணுவான்,
எழுந்துபோய்ப் புகையடுப்பை முறைப்பான்.

மருமகன் வெண்ணெய் பூசச் சொன்னான்.
பூசினான். இன்னும் வழுக்கியது.

இந்த வாரம் சனி இரவே
உப்பும் துளி பேக்கிங் பவுடரும் தடவி
ஃப்ரிட்ஜில் மூடாமல் கிடத்தினான்.
நடுராத்திரி பால் எடுக்கத் திறந்தால்
கால்மேல் கால் போட்டுக்கொண்டு
காகிதமாய் உலர்ந்து கிடக்கிறது கோழி.
"ஈரம்தான்டி எதிரி" என்று
படுக்கையிலிருந்து கத்துகிறான்.
அவனுக்கு அது கிசுகிசுப்பு,
பக்கத்து வீட்டு ஓலெட்டாவுக்கும் கேட்டிருக்கும்.

ஹிக்கரிக் கட்டை.
பொறுமையான புகை ரெண்டு மணி நேரம்.
பிறகு காற்றுத்துளைகளை அகலத் திறந்து
தீயை அவிழ்த்துவிட்டான்.
கொழுப்பு சீறியது;
அவன் கண்ட சீறல்
வெறும் பளபளப்பு.

முதல் துண்டு எனக்கு.
என் வாயையே பார்க்கிறான்.
கடித்தேன்.
நல்லாருக்கு என்று தலையாட்டினேன்.
போன வாரமும் இப்படித்தான் ஆட்டினேன்,
அதனால் நம்பவில்லை.

மேசைக்கடியில் தூங்கிய டேட்டர்
சடக்கென்று
ரெண்டு காதையும் நிமிர்த்தியது.

அதைப் பார்த்த பிறகுதான்
நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்,
ஏப்ரனைக்கூடக் கழற்றாமல்.