ஐந்நூறுக்குள்

படிக்கட்டுக்குக் கீழே எட்டு மீட்டர்கள்.
இடமிருந்து மூன்றாவது எங்களுடையது.
ஏழே முக்கால் ரயிலைப் பிடிக்கும் அவசரத்திலும்
போன் டார்ச்சை அடித்துப் பார்க்கிறேன்.
போன கணக்கைக் கழித்தால்
நானூற்று எழுபத்தொன்பது.
கணக்கெடுக்கும் பெண் வர
இன்னும் ஐந்து நாள்.

ஐந்நூற்றொன்றாவது யூனிட்
தனியாக வராது.
தனக்கு முன்னே வந்து
சும்மா உட்கார்ந்திருப்பவற்றின்
விலையையும் ஏற்றிவிட்டுத்தான் உட்காரும்,
கல்யாண வீட்டுக்கு வரும்
நாத்தனாரைப் போல.
(அமலனிடம் இதைச் சொல்லவில்லை.)

ஏப்ரல் மாதப் பெரம்பூர்.
சுவருக்கே வியர்க்கிறது.
ஏசி ரிமோட்டை
அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன்.
இஸ்திரிப் பெட்டி பரண்மேல்.
ஜெர்லினின் யூனிபார்ம்
ராத்திரி என் மெத்தைக்கடியில் படுத்து
காலையில் மடிப்போடு எழுந்தது.
கிரைண்டரை ஓட்டவில்லை.
அதனால் கடையில் மாவு வாங்கினோம்,
இரண்டு நாளில் எண்பது ரூபாய்.
மிச்சம் பிடிப்பதிலும்
இப்படிச் சில ஓட்டைகள் உண்டு.
செலவு நோட்டில் அமலன் அவற்றை எழுதுவதில்லை.
நானும் ஞாபகப்படுத்துவதில்லை.

ஞாயிறு பூசை முடிந்து
நாலு பேரும் சூப்பர் மார்க்கெட் போனோம்.
வண்டியைத் தள்ளிக்கொண்டு
பாலும் தயிரும் இருக்கும் குளிர்ப் பக்கமாகவே
ஒரு மணி நேரம் நடந்தோம்.
சின்னவன் ஒவ்வொரு ஜாம் பாட்டிலாக எடுத்து
விலையை மட்டும் சத்தமாகப் படித்தான்.
வெளியே வரும்போது வண்டியில்
ஒரு பாக்கெட் கல் உப்பு.
"பை வேணுமாக்கா" என்றான் பில் போட்ட பையன்.
பைக்கும் காசு.
உப்பைக் கையிலேயே தூக்கி வந்தோம்,
கைக்குழந்தை மாதிரி
ஆள் மாற்றி ஆள்.

நானூற்றுத் தொண்ணூற்று மூன்று.
வர வேண்டிய நாளில் அந்தப் பெண் வரவில்லை.
மறுநாளும் வரவில்லை.
ஃபிரிட்ஜையும் அணைத்தேன்.
யாருக்காகவும் இப்படி
வாசலைப் பார்த்தபடி இருந்ததில்லை நான்,
அமலன் பெண் பார்க்க வந்த அன்றுகூட.

விடிந்தால் கணக்குப் பரீட்சை.
ஜெர்லினைக் காணோம்.
தேடிப் போனால்
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
பொது டியூப்லைட்டுக்குக் கீழே
படியில் உட்கார்ந்து
முக்கோணம் வரைந்துகொண்டிருந்தாள்.
"இது நம்ம மீட்டர் இல்லம்மா."

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
என்னவென்று திட்டுவது?
முறத்தை எடுத்து வந்து
பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து
ஹேமலதா டீச்சர் விடைத்தாள் கட்டோடு இறங்கினார்.
"உள்ளே ஒரே புழுக்கம்" என்றார்.
கீழிருந்து இலியாஸ் பாய்
கடை நோட்டோடு ஏறி வந்தார்.
அவருக்கும் புழுக்கம்.
யாரும் யாருடைய எண்ணையும் கேட்கவில்லை.
பத்தரை மணி வாக்கில்
ஜெர்லினின் சந்தேகத்தை டீச்சர் தீர்த்தார்.
பாயின் கூட்டலில்
ஏழு ரூபாய் தப்பை ஜெர்லின் பிடித்தாள்.
என் கீரையைத்தான்
யாரும் கண்டுகொள்ளவில்லை.
அடுத்த ராத்திரியும் இறங்கினோம்,
அதற்கடுத்ததும்.

அந்தப் பெண் ஒருவழியாக வந்தாள்,
துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தபடி.
பானைத் தண்ணீர் கொடுத்தேன்.
குடித்துவிட்டு அட்டையில் எழுதினாள்:
நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.

பிறகொரு ஞாயிறு, மொட்டைமாடிக் கூட்டம்.
பொது விளக்கு பில்
வழக்கத்தைவிடக் கூடுதல்.
எட்டாகப் பிரித்தால்
வீட்டுக்குப் பதினோரு ரூபாய்.
மோட்டார் ஓடிய நிமிஷத்துக்குக்கூட
சண்டை போடும் கூட்டம்
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப்
பார்த்துக்கொண்டிருந்தது.
"டியூப்லைட்டை எடுத்துட்டு
அஞ்சு வாட் பல்பு போட்டுடலாமா?"
என்றார் செயலாளர் சம்பத்.
"படிக்கப் பத்தாது" என்றோம்
மூன்று பேர், ஒரே நேரத்தில்.

அமலன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
நான் பர்சைத் திறந்து
பதினோரு ரூபாய்க்குச் சில்லறை
தேடிக்கொண்டிருந்தேன்.