ஓடின யூனிட்

சட்டையில் குத்திய நம்பர் 617.
நான்கு ஊக்கில் ஒன்று வளைந்து
வண்ணாரப்பேட்டையிலிருந்தே விலாவில் உரசுகிறது.
கழற்றி மாட்ட நின்றால்
திரும்ப ஓடுவேனா,
என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஐந்தரைக்கு விசில் அடித்தார்கள்.
பாளை மார்க்கெட் தாண்டும் முன்னே
கல்லூரிப் பையன்கள் போயே போய்விட்டார்கள்.
கடைசியாய்த் தெரிந்த ஒரு மஞ்சள் முதுகும்
டவுன் ஆர்ச்சில் தொலைந்தது.

பத்தொன்பது வருடம்
இந்த ஊரில் வீடு வீடாய் மீட்டர் பார்த்தவள்.
எனக்குத் தூரம் கிலோமீட்டரில் வராது.
ஆர்ச்சிலிருந்து பேட்டை என்றால்
எழுநூற்றுச் சொச்சம் இணைப்பு.
எந்தப் பெட்டிக்குள் குளவி கூடு கட்டும்,
எந்த வீட்டில் ஏணி கேட்க வேண்டும்,
எந்த நாய் என் தோள்பைக்கென்றே குரைக்கும்,
எல்லாம் தெரியும்.
இன்றைக்குப் பை இல்லை.
செக்கடி முக்கில் அந்தக் கறுப்பு நாய்
ஒருமுறை மோந்துவிட்டு
யாரோ என்று படுத்துக்கொண்டது.

பேட்டையில் திரும்பும் இடம்.
கையில் பச்சை ரப்பர் வளையம் மாட்டிய பெண்
“நீங்கதான் கடைசியாக்கா?” என்றாள்.
குறையாக இல்லை,
மேஜையை மடக்கலாமா என்ற அர்த்தத்தில்.

மெதுவாய் ஓடும் மீட்டரைப்
பழுது என்று எழுதி மாற்றச் சொல்வோம்.
அது இப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டாம்.

பின்னாலேயே லோடு ஆட்டோ.
நான் தாண்டத் தாண்ட
ரோட்டுக் கோன்களை எடுத்து அடுக்குகிறார்கள்.
எனக்குப் பின்னால் பந்தயம் இல்லை,
வெறும் ஞாயிற்றுக்கிழமை.
டிரைவர் சுடலைக்கண்ணு தலையை நீட்டுகிறான்.
“ஏறிக்கிடுதீயளா மைனி?
ஆருக்கும் தெரியாது.
பாலத்துக்கு அங்கன இறக்கி விட்டுருதேன்.”
தலையை மட்டும் ஆட்டினேன்.
பேசினால் மூச்சு செலவு.

ஈரடுக்குப் பாலம்.
பஸ்ஸில் ஏறி இறங்குகையில்
இது ஏற்றம் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.
வலது கெண்டைக்கால் கல்லாகி
தனக்கென்று ஒரு யோசனையோடு வந்தது.
பக்கத்தில் ஊர்ந்த டவுன் பஸ் படியில்
பூக்கூடைக்காரி கேட்டாள்:
“ஏட்டி, எதுக்கு இந்த ஓட்டம்?
பஸ்தான் வருதே!”

வீட்டிலும் கேட்டார்கள்.
ஐந்நூறு ரூபாய் கட்டியாச்சு என்றேன்.
அதைவிட நல்ல பதில்
பதினேழு கிலோமீட்டர் வரை கிடைக்கவில்லை.

கொக்கிரகுளத்தில் ஆறு நிறையத் தண்ணி.
தலை முழுக்கச் சோப்போடு ஒருவர்
கண்ணைத் திறக்காமலே
என் செருப்புச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.
செருப்பில்லை, ஷூ.
மகன் போட்டுத் தேய்த்தது,
முன்னால் கொஞ்சம் பஞ்சு வைத்திருக்கிறேன்.

மைதானத்தில் காற்று பிடுங்கிய வளைவு
துவைத்துப் போட்ட துணியாய்த் தரையில் கிடந்தது.
எந்த இடத்தில் முடிப்பது?
துணியை மிதிக்காமல் சுற்றிப் போய் நின்றேன்.
நாற்காலி எண்ணிக்கொண்டிருந்த ஜெபக்குமார்
பேப்பரோடு ஓடி வந்தான்.
“டைம் பாக்குற மேட்டைச் சுருட்டிட்டோம்க்கா.
ஒரு மூணு பத்துன்னு போட்டுக்கிடுதேன், என்ன?”

கதவு பூட்டிய வீட்டுக்கு
போன தடவைச் சராசரியைப் போடுவோம்.
ஆளே பார்க்காத கணக்கு அது.
இங்கே ஆள் நிற்கிறேன்,
ஆவி பறக்க, உப்புப் பூத்து,
இடது கை வாட்ச்சை நிறுத்த மறந்து.

“குறைச்சுப் போடாதீங்க தம்பி.
மூணு இருபத்திரண்டு.
ஓடின யூனிட் ஓடினதுதான்.”

எழுதினான்.
இரண்டு தடவை எழுதினான், பேனா தீர்ந்திருந்தது.
சுடலைக்கண்ணு வண்டியை ஒதுக்கிக்கொண்டே
சும்மா ஒரு ஹாரன் அடித்தான்.

வளைந்த ஊக்கைக் கழற்றலாம் என்று
புல்லில் உட்கார்ந்தேன்.
எழத்தான் முடியவில்லை.