முப்பத்துநான்கு

தார்த்து நகரம், பிப்ரவரி.
கசாப்புக் கூடத்திலிருந்து ஊகு வந்துவிட்டான்.
வாளியில் ஐஸ், ஐஸுக்குள் மாட்டு இதயம்.
"இன்றைக்குச் சிவப்புப் பசு" என்கிறான்.
நான் கேட்கவில்லை.

கொழுப்பைச் சீவி
ஒரு துண்டை மட்டும் குளிர் அறையில் அரைக்கிறேன்.
இளஞ்சிவப்புக் கூழ்.
துளித்துளியாய்க் குடுவைகளில் விட்டு மூடினால்
முப்பத்தேழு பாகை நீரில்
ஆடிக்கொண்டே இருக்கின்றன,
உள்ளே யாரோ தூங்குவதுபோல.

கண்ணாடிக் குழாயில் நீலம் இறங்குகிறது.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுகிறேன்:
பதினொன்று.
இருபத்துமூன்று.
முப்பத்துநான்கு.

பசு இல்லை, நுரையீரல் இல்லை,
மூக்கணாங்கயிறு கட்ட மூக்கும் இல்லை.
மூச்சு மட்டும்
யாருடையதென்று தெரியாமல்
நடந்துகொண்டிருக்கிறது.

கடைசிக் குடுவையின் பக்கக் கிண்ணத்தில்
சயனைடு, ஒரு சொட்டு.
சாய்க்க வேண்டும்.
ஆக்சிஜனைக் குடித்தது நொதிதான் என்பதற்கு
வேறென்ன சாட்சி?
நூறு தடவை சாய்த்த கைதான்.
இன்று என்னவோ
நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

முப்பத்துநான்கு.
முப்பத்துநான்கு.
முப்பத்துநான்கு.

கையை இரண்டு முறை கழுவினேன்.
அரைக்காத மிச்ச இதயத்தைச்
செய்தித்தாளில் சுற்றி ஊகுவிடம் நீட்டினேன்.
அவன் வீட்டில் ஐந்து பேர்.
குறிப்பேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

"வெங்காயம் இருக்கிறதா?" என்றேன்.
இருக்கிறதாம்,
பாதி.