இடுப்புயரம்

"மீதி மாடு எங்கே, டொனாக்?"
என்று கேட்டான் ஏலக்காரன்,
எங்கள் காளைக்கன்று தராசு மேடையில் ஏறிய அன்று.
கம்பியைப் பிடித்து நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.
டொனாக்கும் சிரித்தான்.
வீடு வரும்வரை வண்டியில்
மழைத் துடைப்பான் மட்டும் பேசியது.

கெர்ரியில், கடலுக்கு முதுகு காட்டிய சரிவில்
பதினெட்டு ஏக்கர் எங்களுக்கு.
பாதி, பூட்ஸை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சேறு.
மீதி பாறை; பாறைக்கு இடையே கோரை.
முன்பு நின்ற சரோலே மாடுகள்
ஒவ்வொன்றும் எண்ணூறு கிலோ,
ஒரு மாரிக்காலம் நின்றால் நிலம் கூழ்.
டெக்ஸ்டர்கள் நடந்த தடத்தில்
மூன்றாம் நாள் புல் நிமிர்ந்துவிடும்.

கறுப்பு. முதுகு என் இடுப்புக்கு வரும்.
கால் குட்டை, வயிறு தாழ்வு,
பனிப்புல்லில் நடந்தால் மடி நனையும்.
கொம்பு மட்டும்
யாரோ பெரிய மாட்டிடம் இரவல் வாங்கியது போல.
வேலியைத் தாண்டாது, அடியில் நுழைந்து போய்விடும்.
உரித்தால் நூற்றைம்பது கிலோ தேறாது,
ஆனால் பாதியை அப்படியே
ஒரு வீட்டு உறைபெட்டியில் அடுக்கிவிடலாம்.
தபால்காரி ஃபிடெல்மா கால் பங்கு எடுப்பாள்,
நாக்கை யாருக்கும் தராதே என்று
கோடையிலேயே சொல்லிவைப்பாள்.

லாஸரீனாவுக்கு ஏழு வயதில்
டிப்பரேரியிலிருந்து ஒரு காளை வாங்கினோம்.
செங்காவி நிறம், முக்காலி மாதிரிக் கால்.
அவள் அதன் தோளில் கையைப் போட்டு நின்றாள்,
வகுப்புத் தோழன்மேல் போடுவது போல.
"இதுதான்" என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில்.
சீட்டு ஏதும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஸ்மேர்
(எங்கள் பேச்சில் முட்புதர்க் கருங்கனி),
இருப்பதிலேயே குட்டைக்காரி,
மாதம் நிரம்புமுன் கன்றை வீசிவிட்டாள்.
டார்ச் வெளிச்சத்தில் நான்தான் முதலில் பார்த்தேன்.
எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்:
தலை பானை போல் உருண்டிருந்தது,
முகம் உள்ளே அமுங்கி, நாக்கு வெளியே.
கால்கள் இருக்க வேண்டிய இடத்தில்
நான்கு குளம்புகள்.
ஸ்மேர் அதை நக்கி நக்கி
முழுசாகச் செய்துவிடப் பார்த்தாள்.

மருத்துவர் கெர்வான்
கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:
குட்டைக் கால் ஒரு பக்கமிருந்து வந்தால் அழகு.
இரண்டு பக்கமிருந்தும் வந்தால் இது.
நாலில் ஒன்று.
முன்பே பார்த்திருக்கலாம்,
வால்மயிர் ஒரு சிட்டிகை போதும்.

புதைக்கச் சட்டம் விடாது.
வேன் வந்தது. ரசீது தந்தான்:
கன்று, ஒன்று.
மீதி மாடு எங்கே என்று
அன்றிரவு எனக்குள் யாரோ கேட்டார்கள்,
சிரிக்காமல்.

காளையை ஏப்ரலில் அனுப்பினோம்.
குற்றம் அதன்மேல் இல்லை.
சின்னதாக, இன்னும் சின்னதாக வேண்டுமென்று கேட்டது
அது அல்ல.
பெட்டிகளில் திரும்பி வந்தது.
நல்ல கறி; கொழுப்பில் புல்லின் மஞ்சள்.
லாஸரீனா பெட்டிமேல் இருந்த எண்ணைப் படித்தாள்.
காது வில்லை எண்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.
ஒன்றும் சொல்லாமல் உருளைக்கிழங்கை மசித்தாள்.
இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

இப்போதிருக்கும் காளைக்குக் கால் கொஞ்சம் நீளம்.
அதன் ஆய்வுக் காகிதம் அடுப்படிச் சுவரில்,
கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில்.
வேலிக்கு அடியில் நுழையத் தெரியாமல்
வேலியைச் சாய்த்துவிட்டுப் போகிறது.
ஸ்மேர் மறுபடி சினை;
விலாவில் கை வைத்தால்
உள்ளே ஒன்று உதைக்கிறது.
காலால்தான்.

அக்டோபரில் புதுக் காளையின் முதல் கன்றைச்
சந்தைக்குக் கொண்டுபோனோம்.
ஏலக்காரன் எடையைப் படித்தான்.
"அடுத்தது" என்றான்.
வேறெதுவும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், பாலம் தாண்டியபின்,
டொனாக் சொன்னான்:
"அவனுக்கும் வயசாகிவிட்டது போல."