ஏழாம் எண் பேருந்தில் சாப்பிடக் கூடாது

அரபியில் ஒட்டியிருக்கிறது, ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது,
படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு படம்:
குறுக்கே சிவப்புக் கோடு விழுந்த பர்கர்.
பர்கரை இதுவரை ஒரு பிள்ளையும் கொண்டுவந்ததில்லை.

ஷார்ஜா, அல் நஹ்தா. ஐந்து நாற்பதுக்கு முதல் பிள்ளை ஏறும்.
செப்டம்பர் வெக்கை கண்ணாடிக்கு வெளியே ஈரமாய் வழிய
உள்ளே ஏசியில் பற்கள் தந்தியடிக்கும்.
பெல்ட் மாட்டிவிடக் குனிகிறபோது
வாயின் மணத்திலேயே தெரிந்துவிடும் எனக்கு.

தார்க்ஷாவின் மேலுதட்டில் சாக்லேட் பால், பழுப்பு மீசை.
மெல்வினுக்கு ராத்திரி மிஞ்சிய பிரியாணி,
கிராம்பு மணக்க "குட்மார்னிங் ஆன்ட்டி" என்பான்.
முக்கோணச் சீஸின் வெள்ளித்தாளை
விரலில் மோதிரமாய்ச் சுற்றிக்கொண்டு வருவாள் ஒருத்தி.
மற்றபடி பற்பசை.
வெறும் பற்பசை.
ஒருநாள் எண்ணினேன். நாற்பத்தொன்றில் பதினேழு.

கடைசி இருக்கையில் நஸ்ரின் மட்டும்
பரோட்டாவில் ஒமான் சிப்ஸை நொறுக்கிச் சுருட்டி
புத்தகப்பைக்குள் தலையை விட்டுத் தின்பாள்.
நொறுங்குகிற சத்தம் டிரைவர் வரைக்கும் கேட்கும்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
ஜன்னலில் ஒன்றும் தெரியாது. ஈரம்தான்.

டிரைவர் குல் ஜமான் தந்தூர்க் கடையில் வாங்கிய நான் ரொட்டியை
அரபிப் பேப்பரில் சுற்றி டாஷ்போர்டில் வைத்திருப்பார்.
முவைலே சிக்னலில் அந்த வாசம் பின்னால் நடந்து வரும்.
தூங்கிக்கொண்டிருந்த பதினேழும்
ஒவ்வொன்றாய்த் தலை தூக்கும்.
அவர் கண்ணாடியில் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். கேமராவைப் பார்ப்பார்.
பச்சை விழுந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை பிரணீத் வாந்தியெடுத்தான்.
தின்றுவிட்டு எடுக்கும் வாந்தியைத் துடைப்பது லேசு,
என்ன, எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும்.
இது மஞ்சள் தண்ணீர்.
மரத்தூளைத் தூவிவிட்டு நின்றேன், அள்ள ஒன்றுமில்லை.

அந்த வாரமே பள்ளி நர்ஸ் படிவம் கொடுத்தனுப்பினார்.
காலையில் உங்கள் பிள்ளை சாப்பிடுகிறதா?
தினமும். சில நாள். இல்லை.
பழம் உண்டா, முட்டை உண்டா, யாரோடு உட்கார்ந்து?
நாற்பத்தொரு பைகளில் போனது. ஒன்று என் வீட்டுக்கும் வந்தது.

நாங்கள் இருப்பது அஜ்மானில்.
நாலரைக்கு என் வேன். அவனுக்கு ஆறே காலுக்குப் பன்னிரண்டாம் எண்.
அவன் அப்பா நைட் டியூட்டி முடிந்து வர ஏழாகும்.
தட்டைத் தட்டால் மூடி வைத்துவிட்டு வருவேன்.
ஆறு மணிக்கு ஏதாவது ஒரு ஸ்டாப்பிலிருந்து போன்:
"நவிலா, சாப்பிட்டியா?"
"ம்."
ம்-க்கு வாசனை கிடையாது.
சாயங்காலம் தட்டு கழுவி, கவிழ்த்தி, சுத்தமாய் இருக்கும்.
அவ்வளவு சுத்தமாய்க் கழுவுகிற பிள்ளையா அவன்?

மூன்று நாள் படிவம் பேனாவோடு கிடந்தது.
நாலாம் நாள் பார்க்கிங்கில் லோர்னாவைப் பிடித்தேன்,
பன்னிரண்டாம் எண்ணின் ஆயா, பிலிப்பைன்ஸ்காரி.
என் உடைந்த ஹிந்தியும் அவளுடைய உடைந்த ஹிந்தியும் சேர்ந்தால்
ஒரு முழு வாக்கியம் வரும்.
"என் பையன் வாயில் என்ன மணக்கும், காலையில்?"

இந்தக் கேள்வியை வேறு யாரும் ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள்.
அவள் பார்க்கவில்லை. நினைத்துப் பார்த்தாள்.
"புதினா" என்றாள்.
"பேஸ்ட்."
பிறகு, அவளே: "பதினொரு பேர்."

அவளும் எண்ணுகிறவள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
கிளம்பாத பஸ்களின் நிழலில் நின்றோம்.
குல் ஜமான் ஒரு கோப்பைச் சுலைமானியை நீட்டிவிட்டுப் போனார்.

"முட்டை அவித்து சட்டைப்பையில் போட்டுவிடு" என்றாள் லோர்னா.
"உரிக்காமல் போடு, நசுங்காது.
தோலை நான் என் பையில் போட்டுக்கொள்வேன்.
நான் ஜன்னல் பக்கம் உட்காருகிறவள்."