முப்பது

ஆரின் ஹாஸ்கெட் ஐந்து விதைகளைக் கொண்டுவந்தார்,
பழைய பிலிம் டப்பாவில், பஞ்சுக்குள் பொதிந்து.
ஏலத்தில் ஆயிரத்து நூறு டாலர்.
மூடியில் 'மும்மயம்' என்று அச்சடித்த தாள்,
கீழே, வீரியம் முப்பத்துநாலு சதவீதம்.
முப்பத்துநாலை நான் நம்பவில்லை.
மெட்ஃபோர்டில் இந்த ஆய்வகத்தில் எட்டு வருடம் ஆகிறது.
சதவீதம் என்கிற தராசுத் தட்டில்
விற்பவர் விரல் எப்போதும் ஒன்று இருக்கும்.
குரோமோசோமில் விரல் வைக்க முடியாது.

"எண்ணிச் சொல்" என்றார்.
எண்ண வேண்டுமானால் ஒன்றை முளைக்கவிட வேண்டும்,
வேர்நுனியை நறுக்க வேண்டும் என்றேன்.
டப்பாவை மூடினார். திறந்தார். மூடினார்.
வெளியே வண்டிக்குள் அரைமணி உட்கார்ந்திருந்தார்.
திரும்பி வந்து
இருப்பதில் சிறியதை என் கையுறையில் வைத்தார்.

அவர் புகைப்பதில்லை. மோர் குடிப்பார்.
வீட்டுக் குளிர்பெட்டியில் ஆயிரத்து அறுநூறு உறைகள்.
இந்துகுஷ் சரிவில் பொறுக்கியது,
தாய்லாந்தில் வாங்கியது,
ஒருவன் சிறையிலிருந்து காலணிக்குள் கடத்தியது.
வெண்ணெய் வைக்க இடமில்லாமல்
இரண்டாம் மனைவி போய்விட்டாள் என்று
அவரே சொல்லிச் சிரிப்பார்.

விதையை உருவாக்கியவள் மரீக்கே டெவூல்ஃப்,
ஒருகாலத்தில் ஹாலந்தில் துலிப் வியாபாரி.
காந்தள் கிழங்கிலிருக்கும் நஞ்சில்
நாற்றின் முனையை நனைத்தால்
பிரிய வேண்டிய செல் பிரிய மறக்கும்,
இருபது நாற்பதாகும்.
நாற்பதுக்கும் இருபதுக்கும் பிறப்பது முப்பது.
அதே நஞ்சை மாத்திரையாகத்
தினமும் விழுங்குகிறாள்,
கால் கட்டைவிரல் வீக்கத்துக்கு.
போனில் கேட்டேன்.
"அளவுதான் வேறு" என்றாள்.

வேர்நுனியைச் சாயத்தில் ஊறவைத்துக்
கண்ணாடிக்கிடையே நசுக்கினேன்.
கொட்டிய சீரகம்போல் ஊதாக் குச்சிகள்,
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.
மூன்று செல்லில், மூன்று முறை எண்ணினேன்.
முப்பது.
ஒவ்வொரு சோடியோடும் ஒரு மூன்றாமாள்.
பங்கு பிரிக்கும் நாளில்
யார் எந்தப் பக்கம் என்பது தீராமல்
கணக்கு அங்கேயே நின்றுவிடும்.
மதியம் நான் உரித்துத் தின்ற வாழைப்பழத்துக்கும்
இதே வழக்குதான்.

படிவத்தில் ஒரு கட்டம்: மலடு. ஆம், இல்லை.
அந்தச் சொல்லை நான் வேறொரு படிவத்தில் பார்த்திருக்கிறேன்,
வேறொரு கட்டடத்தில், காகித அங்கி உடுத்தி.
கட்டத்தை அப்படியே விட்டு
'முப்பது' என்று மட்டும் எழுதினேன்.

மகிழ்வார் என்று நினைத்திருந்தேன்.
"அப்படியானால் இந்த நாலு, நாலுதானா?" என்றார்.
மற்ற எந்த உறை தீர்ந்தாலும்
இரண்டைப் பூக்கவிட்டு நிரப்பிக்கொள்ளலாம்.
இதை முடியாது.
ஆயிரத்து நூறு டாலர் கொடுத்தபோது
அவருக்கு இது தெரியாமலில்லை.
என் வாயால் கேட்கவேண்டியிருந்தது போலும்.

நுனி போன நாற்று பிழைத்துக்கொண்டது.
ஆகஸ்டில் ப்ரூபேக்கரின் ஹெம்ப் வயலிலிருந்து
ஆண்செடித் தூள் காற்றேறி வந்தது.
கார்க் கண்ணாடிகளில் மஞ்சள்.
பள்ளத்தாக்கு முழுக்கப் பூவெல்லாம் விதை வைத்து
விலை போகாமல் கிடந்தது.
இருவர் வக்கீலைப் பார்த்தார்கள்,
ஒருவன் ப்ரூபேக்கரின் வேலியைப் பிடுங்கினான்.
ஹாஸ்கெட்டின் செடி மட்டும்
பிசுபிசுத்து, எலுமிச்சைத் தோலும் டீசலுமாய் நாறிக்கொண்டு
ஒன்றும் நடக்காததுபோல் நின்றது.

அக்டோபரில் அதே பிலிம் டப்பா.
உள்ளே ஒன்றே ஒன்று, வெளிறியது,
கொத்தமல்லியில் பாதி இருக்கும்.
பூவை நறுக்குகையில் கத்தரியில் இடறியதாம்.
எங்கோ ஒன்று இப்படித் தப்பி வரும்,
பெரும்பாலும் பொக்காக இருக்கும் என்றேன்.
"எண்ணிவிடவா?"
உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

உறைமேல் என்ன எழுதுவது என்று கேட்டார்.
தேதியை எழுதுங்கள் என்றேன்.